ராகு காலத்தைப் பிடிக்க ஓடிய கார்

நல்ல நேரம் தவறிவிடக் கூடாதென்று பறக்கிறவர்களைக் கும்பகோணத்தில் தினமும் பார்க்கிறேன். கெட்ட நேரம் தவறிவிடக் கூடாதென்று ஒருவர் காரைப் பறக்கவிட்டதை ஈப்போவில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. அந்தக் காரின் முன்சீட்டில், மடியில் கூறைச் சேலைப் பெட்டியோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த பயணம் இது. நான் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற ஆள். என் சித்தப்பா வாலிப வயதில் மலாயாவுக்குப் போய், சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டி, அங்கேயே வேர்விட்டுவிட்டார். அவருடைய கடைசி மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம். கூறைச் சேலையும், அதைத் தூக்கி வர ஒரு தாய்நாட்டு உறவும் வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். சேலையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. என்னைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; வேறு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை ஈப்போ ரயில் நிலையத்தில் என்னை அழைக்க வந்தவர் சித்தப்பாவின் மூத்த மாப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் பழனியாண்டி. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகி, நாலு புத்தகம் படித்ததும் அறிவழகன் என்று மாற்றிக்கொண்டார். கறுப்புச் சட்டை, கறுப்பு மூக்குக்கண்ணாடி. நெற்றியில் மட்டும் ஒன்றும் இல்லை.

“வாங்க மச்சான். காடி வெளியில நிக்குது, போலாம்.”

காடி என்றால் கார். ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்கக்கூடிய, வெள்ளைக்காரர்கள் காலத்துக் கார். அதன் வயதைப் பார்த்து, மெதுவாகத்தான் போகும் என்று நிம்மதியாக ஏறினேன். ஐந்து நிமிடத்தில் நிம்மதி இறங்கிவிட்டது. ஈப்போவைச் சுற்றி நெட்டுக்குத்தாக நிற்கும் சுண்ணாம்பு மலைகள் எங்களைப் பார்க்க ஓடி வந்தன. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் உயிருக்குப் பயம் என்றால், கூட எழுபது பேருக்கும் அதே பயம் இருக்கும், பகிர்ந்துகொள்ளலாம். இங்கே மொத்தப் பயத்தையும் நான் ஒருவனே படவேண்டியிருந்தது.

நேரான ரோட்டில் அவர் இன்னும் அழுத்தியபோது கார் திடீரென்று ஒரு பெருமூச்சு விட்டுத் தொய்ந்தது. மிதியைத் தரை வரைக்கும் அழுத்தினார். ஓட்டம் இல்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

“ஒரு வாரமா இப்படித்தான் லா” என்றார், அந்த நாட்டு வழக்கப்படி வாலில் ஒரு ‘லா’ சேர்த்து. “எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் மச்சான். கண்டுபுடிச்சிருவோம்.”

வீட்டில் அழைப்பிதழைக் காட்டினார். ‘ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணிக்குள், இராகு காலத்தில், அறிவழகன் தலைமையில்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ராகு காலத்தில் நான் குளிக்கக்கூட மாட்டேன்.

“சித்தப்பா எப்படி ஒத்துக்கிட்டாரு?”

“சும்மா ஒத்துக்கல. ஆறு மணிக்குள்ள மாலை மாத்திட்டா என் தலைமையில சீர்திருத்தக் கல்யாணம். ஆறு தாண்டிட்டா கோயில் பண்டாரம் மந்திரம் சொல்லித் தாலி எடுத்துக் குடுப்பாரு. அப்படித்தான் பேச்சு. எங்க பகுத்தறிவுச் சங்கத்துலேர்ந்து முப்பது பேரு வர்றாங்க மச்சான், அறிவழகன் சொன்னதைச் செய்யறானான்னு பாக்க. பெரிய மாப்பிள்ளைங்கற முறையில மாலையும் சேலையும் நம்ம காடியிலதான் போகணும்.”

அவர் மனைவி, என் தங்கை பாக்கியம், சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஈப்போ தவ்கே என்று குண்டு குண்டாக ஒரு பயறு முளை, நெத்திலிச் சம்பல், கோழிக் குழம்பு. முளைவிட்ட பயறு எங்கள் ஊரில் சுகமில்லாதவர்களுக்கு. இங்கே அது விருந்து. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்துப் பாக்கியம் காதருகே வந்தாள்.

“அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நேரத்தை மாத்தச் சொல்லுங்க.”

“நான் சொன்னா கேப்பாரா?”

“கேக்க மாட்டாரு” என்றாள். அப்புறம் எதற்குச் சொல்லச் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை எழுந்ததும் என் கவலை ராகுவைப் பற்றி இல்லை; வேகத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கையிலேயே ஐம்பது மைல் போகவேண்டும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். ‘சாமி, இந்த வண்டி வேகமாகப் போகக் கூடாது. உயிரோடு ஊர் திரும்பினால் கிடா வெட்டுகிறேன்.’ பெட்டிக்குள் சேலையைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியில் ஒரு முழம் கிழித்து, நம்மூர் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்தேன்.

முடிந்தாயிற்று, எங்கே கட்டுவது? வேண்டுதல் வண்டியைப் பற்றியது. முடிச்சும் வண்டியில் இருந்தால்தானே சாமிக்கு அடையாளம் தெரியும். ஆனால் பாக்கியம் எப்போதோ கட்டிய எலுமிச்சம்பழத்தை மாப்பிள்ளை பிய்த்துச் சாக்கடையில் எறிந்ததாகக் கேள்வி. தினமும் காலையில் துணியை எடுத்துக்கொண்டு காரின் மூலை முடுக்கெல்லாம் துடைக்கிறவர். அவர் கை போகாத இடமாகப் பார்த்துச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஒரு மூடி. திருகினால் வட்டமாக வாய் திறந்தது. கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முடிச்சை உள்ளே போட்டேன். ‘ளொக்’ என்று சத்தம் வந்தது. சாமி வாங்கிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக ஜவுளிக்கடையில் இருக்கிறவனிடம் பெட்ரோல் தொட்டியைத் திறந்து விட்டால் இப்படித்தான் ஆகும்.

அன்று மதியம் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு நண்பரைக் கல்யாணத்துக்கு நேரில் அழைக்கப் போனோம். மலேசியாவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள்; பெரிய மனநோய் மருத்துவமனை அங்கேதான். போகும் வழியில் கார் இரண்டு தடவை தொய்ந்தது. மூன்றாம் தடவை, சரியாக அந்த மருத்துவமனை வாசலில், முழுசாக நின்றுவிட்டது.

காவலாளி ஒரு பஞ்சாபிக்காரர். நிதானமாக எழுந்து வந்து, ஜன்னலில் குனிந்து என்னை மட்டும் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “உள்ள வர்றவரா, வெளிய போறவரான்னு கேக்கறாரு.”

என் வேண்டுதல் பலித்துவிட்ட பீதியில் இருந்தேன். குலதெய்வம் இத்தனை சீக்கிரம் கடல் தாண்டி வந்து வேலையைத் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேகத்தைக் குறைக்கத்தான் கேட்டேன், வண்டியை நிறுத்தவா கேட்டேன்? ‘போதும் சாமி, பாதி போதும்’ என்று முணுமுணுத்தேன். முணுமுணுக்கும் உதட்டைப் பார்த்துக் காவலாளி கேட்டைத் திறக்கப் போனார்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தடியில் பிளக்குகளைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். கார் உடனே கிளம்பியது. “பாத்தீங்களா? கரி புடிச்சிருந்துச்சு. காரணம் இல்லாம காரியம் இல்ல மச்சான்” என்று வெற்றிக்களிப்போடு வீடு வரைக்கும் மெதுவாக, வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினார். மெதுவாக ஓட்டியதால் கார் ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. அதில் இருந்த சூட்சுமம் அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிய வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். என் மடியில் சேலைப் பெட்டி. பின்சீட்டில் பாக்கியம், அவள் பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய இரண்டு மாலைகள். லகாட் வருவதற்குள் கார் ஒரு தடவை படுத்துவிட்டது. இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து, மிதியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பிக்கு எண்ணெய் விட்டார். கிளம்பியது. “கம்பி இறுகியிருந்துச்சு.” அரை மணியில் மறுபடி படுத்தது. கார்புரேட்டரைத் திறந்து வாயால் ஊதினார். கிளம்பியது. “தூசி.” அடுத்த தடவை பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினார். கிளம்பியது. “சூடு.” ஒவ்வொரு காரணமும் ஐந்தாறு மைல் வரைக்கும் உண்மையாக இருந்தது.

கார் தொய்ந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு இணையாக மிதித்தபடி மரியாதையாக ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றாரு?”

“நீங்க போற ஊருக்கு ஏதாச்சும் சேதி இருந்தா குடுங்க, முன்னாடி போய்ச் சொல்லிடறேங்கறாரு” என்றார் மாப்பிள்ளை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு ஆயர் தாவார் கடைத்தெருவில் கார் கடைசியாகப் பெருமூச்சு விட்டது. இன்னும் பத்து மைல் இருந்தது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. வந்த ஒரே டாக்சியில் ஆறு பேரும் ஒரு வாத்தும் இருந்தார்கள். மாப்பிள்ளையின் கறுப்புச் சட்டை உப்புப் பூத்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. “முப்பது பேரு மச்சான். முப்பது பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க” என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எதிரே ஒரு பட்டறை. பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு சீனர், களிமண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிற வட்ட ரொட்டியைக் கடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். பார்க்கிறவருக்கு ஆளுக்கொன்று நீட்டுவது அந்த ஊர் மரியாதை போலிருக்கிறது. எனக்கும் ஒன்று தந்தார். எள் தூவி, வெங்காயம் வைத்து, சூடாக இருந்தது. பீதியிலும் ருசி தெரிகிற நாக்கு எனக்கு.

“என்னாண்ணே, காடி ரோசாக்கா?”

ரோசாக் என்றால் பழுது; மற்றதெல்லாம் சுத்தமான தோட்டத்துத் தமிழ். நான் வாயைப் பிளந்தேன்.

“என்னா அப்படிப் பாக்கறீங்க? எங்கப்பாவுக்குத் தோட்டத்துல மளிகைக்கடை லா. தமிழாளுங்க கூடத்தான் நான் கோலி வெளையாண்டேன்.”

மாப்பிள்ளை தன் வைத்தியங்களை வரிசையாகச் சொன்னார். பிளக், கம்பி, கார்புரேட்டர், பம்பு. பட்டறை முதலாளி, அந்த ஊர் வழக்கில் தவுக்கே, கேட்டுக்கொண்டு ரொட்டியை முடித்தார். கையைப் பனியனில் துடைத்தார்.

“அண்ணே, என்னென்ன செஞ்சீங்கன்னு கேக்கல. எப்ப சாகுது? மெதுவா போனா சாகுதா?”

மாப்பிள்ளை யோசித்தார். “மெதுவா போனா இல்ல.”

“அழுத்துனா?”

“சாகுது.”

“கொஞ்ச நேரம் சும்மா விட்டா?”

“சரியாயிருது.”

“அப்ப நீங்க ஒண்ணுமே சரி பண்ணல லா. நீங்க பிளக்கு கழுவற நேரத்துல அது தூங்கி எந்திரிச்சிருக்கு.”

என் மாப்பிள்ளை தர்க்கத்தில் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தவுக்கே தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பம்பில் கழற்றி ஒரு தகர டப்பாவில் விட்டு, ரப்பர்க் குழாயால் உறிஞ்சினார். பெட்ரோல் ஜோராக வந்தது, சட்டென்று நின்றது. வாயை வைத்து ஊதினார். தொட்டிக்குள் கொடகொடவென்று கேட்டது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது.

“உள்ள என்னமோ கெடக்கு. மெதுவா குடிச்சா சும்மா இருக்கு. வேகமா குடிச்சா ஓடி வந்து வாயப் பொத்துது.”

பாதி கடித்த ரொட்டியை வாயிலிருந்து எடுத்தேன். சாமி இல்லை. துணி. கடல் தாண்டி யாரும் வரவில்லை. நான் கிழித்துப் போட்ட ஒரு முழம் மஞ்சள் துணிதான் இரண்டு நாளாக எங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். தெரியாத ஊர், மடியில் கூறைச் சேலை.

தவுக்கே தொட்டியைக் கீழே இறக்கினார். பெட்ரோலை வடித்து, மேலே இருந்த வட்டத் தகட்டைக் கழற்றி, கொக்கி வளைத்த கம்பியை உள்ளே விட்டார். மணி ஐந்து. ராகு காலம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. கம்பி நுனியில் சொட்டச் சொட்ட மஞ்சள் முடிச்சு ஒன்று வெளியே வந்தது.

மாப்பிள்ளை முடிச்சை அவிழ்த்தார். காசைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சிங்கம் போட்டிருக்கு மச்சான்.”

“மாப்பிள்ளை, வேகம் கொறையணும்னுதான்... உயிர் பயம்... உண்டியல் மாதிரி இருந்துச்சு...” என்று நான் உளறினேன். கல்யாணம் கெட்டது என்னால், தலைமை போனது என்னால் என்று அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் தவுக்கே கையைத் தூக்கினார்.

“இருங்கண்ணே, அழாதீங்க. இன்னொண்ணு இருக்கு.”

இரண்டாவது முடிச்சும் வந்தது. பூப்போட்ட பழஞ்சேலைத் துண்டு, மஞ்சளில் நனைத்தது. உள்ளே மலேசிய ஐம்பது காசு. வெள்ளிக்கிழமை, என் முடிச்சு விழுவதற்கு முந்தின நாளே, கார் தொய்ந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சேலை அவர் வாங்கிக் கொடுத்ததாக இருக்கவேண்டும்.

“எப்பப் போட்ட?”

பாக்கியம் காரை விட்டு இறங்கவில்லை. “பத்திரிகை அடிச்சு வந்த அன்னிக்கு.”

“என்னன்னு வேண்டிக்கிட்ட?”

“ஆறு மணி தாண்டிப் போய்ச் சேரணும்னு.” மாலைகள் மேல் ஈரத்துணியைச் சரிசெய்தபடியே பேசினாள். “உங்களுக்கு ராகுவும் ஒண்ணு, கேதுவும் ஒண்ணு. அம்மா போனப்ப மல்லிகாவுக்கு நாலு வயசு. இடுப்புல வச்சு வளத்தவ நான். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலின்னாகூட இந்த நேரம்தான்னு எனக்குத் தோணும். அப்புறம் உங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? நீங்க சொன்னா கேக்க மாட்டீங்க. அதான் சாமிகிட்ட சொன்னேன்.”

“சாமி கேக்கல. எண்ணெய்க் குழாய்தான் கேட்டுச்சு” என்றார் மாப்பிள்ளை. குரலில் காரமே இல்லை.

தவுக்கே தொட்டியை ஏற்றி, துணியில் வடிகட்டி பெட்ரோலை ஊற்றி முடித்தபோது ஐந்தரை. எஞ்சினைக் கிளப்பி, உறுமவிட்டுக் காட்டினார். “இனிமே பறக்கும்ணே. பத்து மைலு, பதினஞ்சு நிமிசம்.” இரண்டு காசையும் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். “சாமி காசு, நான் வச்சுக்கக் கூடாது லா.”

கிளம்பினோம். கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. இரண்டு பக்கமும் பால்மரங்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போயின; சில இடங்களில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதற்கு அடையாளமாகப் புதிய முள்வேலிகள். எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. வேலிக் கம்பிகளை எண்ணக்கூட முடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். இருபது மைலில் நின்றது.

“மாப்பிள்ளை, மணி அஞ்சே முக்கால். அழுத்துங்க!” என்றேன். வேகம் குறையக் கிடா நேர்ந்துகொண்டவன் நான்.

“அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். காடி இன்னும் சரியாகல.”

குனிந்து பார்த்தேன். அவருடைய பாதம் மிதியின் மேல், தூங்குகிற குழந்தையின் மேல் கை வைத்த மாதிரி, பட்டும் படாமல் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி வழியாக ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. மாலைகளில் தூவிய பன்னீர்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

பழைய தோட்டப் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் இறங்கியபோது ஆறு மணி ஐந்து நிமிடம். சித்தப்பா கைக்கடிகாரத்தை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினார். பண்டாரம் அவசரமாகக் கற்பூரம் தேடினார். சங்கத்து முப்பது பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“காடி ரோசாக் மாமா” என்றார் மாப்பிள்ளை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “ஏறி மிதிக்கறேன், ஓட்டம் இல்ல. என்ன பண்றது? வேணும்னா மச்சானைக் கேளுங்க.”

அறுபது கண்கள் என் பக்கம் திரும்பின. “ஆமாம், மிதி மிதியென்று மிதித்தார்” என்று தாய்நாட்டின் சார்பில் சாட்சி சொன்னேன்.

மல்லிகா கூறைச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். பண்டாரம் மந்திரம் சொல்லித் தாலி எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் மரியாதைக்காகப் பெரிய மாப்பிள்ளையை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் பேசினார். உலகத்தில் காரணமில்லாமல் எதுவும் நடப்பதில்லை என்பதுதான் பேச்சு. பண்டாரம்கூடக் கைதட்டினார். நானும் பாக்கியமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை திரும்பும்போது கார், தவுக்கே சொன்ன மாதிரியே, பறந்தது. நான் கதவுப் பிடியைக் கட்டிக்கொண்டு எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். ஈப்போவில் நுழைந்ததும் ஒரு சாமான் கடை முன்னால் மாப்பிள்ளை நிறுத்தினார். பெட்ரோல் மூடிக்குப் பூட்டு ஒன்று வாங்கி வந்து, என்னை முறைத்துக்கொண்டே மாட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ‘பகுத்தறிவு ஜெயித்துவிட்டது’ என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பூட்டின் சாவியைக் கொண்டுபோய், பின்ஜன்னல் வழியாகப் பாக்கியத்திடம் கொடுத்தார்.